தும்பு ஆலைக்கு இரண்டாவது பேரேடு

நாஞ்சில் நாட்டு உழவர் ஒருவர், "இந்தக் கும்பப்பூவில் எனக்கு அறுபது கோட்டை நெல் கண்டது" என்று சொன்னால், கேட்பவர் உடனே வியந்துவிட மாட்டார். "எவ்வளவு விதைப்பாட்டில்?" என்று திருப்பிக் கேட்பார். அறுபது கோட்டை நல்ல விளைச்சலா, மோசமான விளைச்சலா என்பதை நிலத்தின் அளவு தெரிந்தபின்பே சொல்ல முடியும். 21 மரக்கால் கொண்ட கோட்டை இன்று வழக்கிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. எனினும் அந்தக் கேள்வி நீங்கவில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று இன்றும் கேட்கிறோம். எத்தனை நீர், எத்தனை உரம், எத்தனை ஆள் கூலி என்பதும் அதனோடு சேர்ந்து வரும் கேள்விகளே.

நம் கிராமங்களில் இயங்கும் சிறுதொழில்களைப் பற்றி இத்தகைய கேள்வியை நாம் கேட்பதில்லை. ஆலைக்குள் வந்த பணம், வெளியே சென்ற பணம், மிஞ்சிய ஆதாயம் ஆகியவை மட்டுமே அங்குள்ள பேரேட்டில் ஏறுகின்றன. கிணற்றிலிருந்து எடுத்த நீருக்கு விலை இல்லையாதலால் அதற்குப் பத்தியும் இல்லை. வேலிக்கு வெளியே குவிந்த கழிவுக்கும் பத்தி இல்லை. விரலில் காயம்பட்டு மூன்று நாள் வீட்டிலிருந்த பெண்ணின் பெயர் கூலிக் கணக்கில் வெற்றிடமாகவே நிற்கும். ஒரு தொழில் தன்னைத் தாங்கி நிற்கும் நீரையும் மண்ணையும் மனிதரையும் அழிக்காமல் நெடுங்காலம் நடக்குமா என்பதையே நிலைபேறு என்கிறோம். அதை அளப்பதற்குப் பணப் பேரேட்டுடன் இரண்டாவதாக ஒரு பேரேடு வேண்டும். அதை எழுதும் முறையைக் குமரி மாவட்டத்துத் தும்பு ஆலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

தும்பு ஆலையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்ற பயிர். அதன் தேங்காய் பெருத்தது. மட்டையும் தடித்தது, தேங்காய் மட்டையை இப்பகுதியில் கதம்பல் என்பர். ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் முதலிய கடலோரப் பகுதிகளில் கதம்பலைத் தும்பாக்கி, தும்பைக் கயிறாக்கும் தொழிலைப் பல தலைமுறைகளாக மக்கள் செய்து வருகின்றனர். தொழிலாளரில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆகவே இத்தொழில் நின்றுபோனாலும் தீங்கு, கண்மூடித்தனமாக நடந்தாலும் தீங்கு.

பழைய முறையில் கதம்பலை வலையில் கட்டிக் கழிமுகத்திலோ தேங்கிய நீரிலோ ஆறு முதல் பத்து மாதம் வரை ஊறவைப்பார்கள். நாரைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளை நுண்ணுயிர்கள் கரைத்துவிடும். பின்னர்ப் பெண்கள் அதை மரக்கொட்டாப்புளியால் அடித்து வெள்ளைத் தும்பு எடுப்பார்கள். தும்பு உயர்ந்ததுதான், ஆனால் ஊறும் நீரில் உயிர்வாயு குறைந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு தோன்றி, மீனும் இறாலும் ஒதுங்கிவிடும். இப்போதைய ஆலைகளில் கதம்பலைச் சில நாள் தொட்டியில் நனைத்து, யந்திரத்தில் நசுக்கி, நாரைப் பிரித்து, சல்லடை உருளையில் இட்டுத் தூளை நீக்கி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பத்து மாதம் சில நாளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் மின்சாரச் செலவும், கிணற்று நீரும், மலைபோல் குவியும் நார்க்கழிவும் புதிதாக வந்து சேர்ந்தன. ஒரு முறையின் தீமை வேறு வடிவில் அடுத்த முறைக்குள் புகுந்துவிட்டதா என்பதை அளந்தால் அன்றி அறிய இயலாது.

அளவையின் முதல் விதி இது: எதையும் மொத்தமாக எழுதியதோடு நில்லாமல், உற்பத்தியான தும்பின் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். 100 கிலோ தும்புக்கு எவ்வளவு என்பதே நம் அளவுகோல். அது உழவரின் "ஏக்கருக்கு எவ்வளவு" என்பதைப் போன்றதே. கணக்கு விளங்குவதற்காகக் கற்பனையான ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் அங்கே 2,00,000 கதம்பல் வந்தது. 1,000 கதம்பலுக்குச் சுமார் 80 கிலோ வீதம் 16,000 கிலோ தும்பு கிடைத்தது. மின்னளவி 4,800 யூனிட் காட்டிற்று. 16,000 கிலோ என்பது 160 நூறு கிலோ. 4,800-ஐ 160-ஆல் வகுத்தால் 30. அதாவது 100 கிலோ தும்புக்கு 30 யூனிட்.

அடுத்த மாதம் மழை. கதம்பல் 1,50,000 மட்டுமே வந்தது. தும்பு 12,000 கிலோ. மின்சாரம் 4,080 யூனிட். மின்கட்டணம் குறைந்ததைக் கண்டு ஆலைக்காரர் மகிழ்ச்சி அடைவார். ஆனால் 4,080-ஐ 120-ஆல் வகுத்துப் பாருங்கள்: 34. கட்டணச் சீட்டு செலவு குறைந்தது என்கிறது. இரண்டாவது பேரேடு, ஒவ்வொரு 100 கிலோவுக்கும் நான்கு யூனிட் வீணாயிற்று என்கிறது. யந்திரத்தின் பற்கள் தேய்ந்திருக்கலாம்; நனையாத கதம்பலை உள்ளே தள்ளியிருக்கலாம்; கதம்பல் வராத நேரத்தில் மோட்டார் சும்மா சுழன்றிருக்கலாம்; பட்டை தளர்ந்திருக்கலாம். எது என்று பேரேடு சொல்லாது. தேட வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். அதுவே அளவையின் பெரும்பயன்.

1,000 கதம்பலுக்கு எத்தனை கிலோ தும்பு என்பதும் இவ்வாறே மாதந்தோறும் எழுதத்தக்கது. அது 80-லிருந்து 74-க்கு இறங்கினால், ஆறு கிலோ நார் கழிவோடு கழிவாகச் சென்றது என்று பொருள். பணம் இழந்தது ஒருபுறம்; கழிவு பெருகியது மறுபுறம். சிறுதொழிலில் ஆதாயத்தின் நலமும் ஊரின் நலமும் ஒன்றாகச் சேரும் இடங்கள் நாம் எண்ணுவதைவிட அதிகம்.

இனி நீர். ஆலைக்காரர் பலர் "நாங்கள் அதிகம் நீர் எடுப்பதில்லை" என்பார்கள். அதை மறுக்கவும் வேண்டாம், ஒப்பவும் வேண்டாம், அளப்போம். விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. நனைக்கும் தொட்டி 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் அதன் கொள்ளளவு 36 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர். ஆகவே 36,000 லிட்டர். தொட்டியின் உட்சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வண்ணத்தால் இட்டுவிட்டால், ஒவ்வொரு கோடும் 2,400 லிட்டர். நீர் ஊற்றும்போதெல்லாம் கோடுகளை எண்ணிக் குறித்தால் போதும். மாதத்தில் ஆறு முறை முழுத்தொட்டி நிரப்பிய ஆலை 2,16,000 லிட்டர் எடுத்திருக்கிறது; நம் முதல் மாதக் கணக்குப்படி 100 கிலோ தும்புக்கு 1,350 லிட்டர். கதம்பலை நனைத்த நீரை வடித்து மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினால் இந்த எண் எப்படி இறங்குகிறது என்பதை ஊரார் கண்ணால் காணலாம்.

எடுத்த நீரைவிட, கெட்ட நீரே பெரிய வழக்கு. கதம்பலிலும் நார்க்கழிவிலும் உப்புச்சத்தும் டானின் முதலிய துவர்ப்புப் பொருள்களும் உள்ளன. தேநீர் நிறத்தில் வடியும் சாறு நிலத்துக்குள் இறங்கினால், அருகிலுள்ள கிணற்றின் சுவை மாறும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் ஆகிய இரண்டுமே உண்டு. உழவர்க்கு அது பெரும்பேறு. திறந்த வெளியில் கிடக்கும் கழிவுக் குவியலுக்கோ ஆண்டில் இருமுறை கழுவல். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பகுதியில் இத்தகைய புகார்கள் எழுந்தன. 2021-ஆம் ஆண்டில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தென்னை நார்த் தொழிலை மாசு குறைந்த வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றிற்று. தொழில் செய்வோர் அதை எதிர்த்தனர். இரு தரப்பிலும் சினம் இருந்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் பத்தாண்டுக் கணக்கு கையில் இருந்திருந்தால் அவ்வழக்கு எளிதாயிருக்கும் என்பதே நம் எண்ணம்.

கிணற்றுக் கணக்கு எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா வடிவக் கருவி கடைகளில் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது 2,000 வரை அனுமதி. ஆனால் கடலோரக் கிணறு ஆலையின் காரணத்தால் அன்றியும் உப்பாகலாம். ஆகவே ஒரு கிணற்றை மட்டும் சோதித்து, "எண் 900, ஆலைதான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆலைக்கு அருகே, நீரோட்டத்தின் இறக்கத்தில் ஒரு கிணறு. ஆலையின் சாறு எட்டாத இடத்தில், கடலிலிருந்து ஏறக்குறைய அதே தொலைவில் மற்றொரு கிணறு. இரண்டையும் ஒரே நாளில் சோதிக்க வேண்டும். இரண்டு கிணறுகளும் கோடையில் சேர்ந்தே ஏறி, மழையில் சேர்ந்தே இறங்கினால் அது கடலின் செயல். முதற்கிணறு மட்டும் மழைக்குப் பின் ஏறினால் குவியலின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை ஆலைக்காரர் ஒருவரே செய்து எழுதுவதினும் ஊராட்சியின் சார்பில் ஒருவரும் உடன் நின்று எழுதுவது நன்று. அவ்வாறு எழுதிய எண்ணை இருசாராரும் நம்புவர். பேனாக் கருவி உப்பை மட்டுமே காட்டும், துவர்ப்புப் பொருளைக் காட்டாது. ஐயம் எழுந்தால் நீர் மாதிரியை அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

நார்க்கழிவின் கணக்குக்குத் தானியக் களஞ்சியக் கணக்கே வழி. தொடக்க இருப்புடன் இம்மாதம் விழுந்ததைக் கூட்டி, விற்றதையும் உரமாக்கியதையும் கழித்தால் கடைசி இருப்பு. உலர்ந்த எடையில் ஒரு கிலோ தும்புக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ கழிவு விழும். 16 டன் தும்பு எடுத்த நம் கற்பனை ஆலையில் 32 டன் கழிவு. அதில் 20 டன் விற்பனை. 6 டன் உரம். மீதி 6 டன் வேலியோரம். மாதம் 6 டன் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆண்டுக்கு 72 டன். மூன்றாண்டில் 216 டன். பணப் பேரேட்டில் இதற்கு விலையில்லை என்பதால் எவர் கண்ணிலும் படாது, கிணற்றில்தான் படும். ஈரக்கழிவின் எடை ஏமாற்றும். ஆகவே குவியலின் நீள, அகல, உயரங்களை ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் அளப்பது சிறப்பு.

அந்த 6 டன்னையும் உரமாக்க இயலும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறையில் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 1.5 கிலோ சிப்பிக்காளான் வித்தும் வேண்டும். கழிவைப் படுகையாகப் பரப்பி, ஒரு படுகைக்குக் காளான் வித்தும் அடுத்த படுகைக்கு யூரியாவும் மாற்றி மாற்றித் தூவி, ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்கி, நிழலில் ஈரம் காயாமல் காக்க வேண்டும். நம் கணக்குக்கு மாதம் 30 கிலோ யூரியாவும் 9 கிலோ வித்தும் போதும். பச்சைக் கழிவை அப்படியே வயலிலிட்டால் பயிருக்குரிய தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பறித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். கழிவில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1. மக்கியபின் அது 24-க்கு 1 ஆக இறங்குகிறது. இவ்வுரம் ஈரம் காப்பதில் சிறந்தது. வாழைத் தோட்டத்துக்கும் தென்னைக்கும் ஏற்றது. கதம்பல் கொடுத்த தோப்புக்கே அது திரும்பிச் செல்வது முறைதானே?

தொழிலாளர் பகுதியில் எண்கள் குறைவாகவும் சொற்கள் அதிகமாகவும் இருக்கும். எத்தனை பேர், எத்தனை ஆள்-நாள், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன கூலி, எத்தனை காயம், அதனால் இழந்த நாள் எத்தனை என்பவற்றை எழுதலாம். சிறு ஆலையில் காயங்களுக்கு விகிதம் போடுவது வீண். ஒவ்வொரு காயத்தையும் தனித்தனியே எழுதி, யந்திரத்தின் எந்தப் பகுதியில் நேர்ந்தது என்று குறிப்பதே போதும். ஒரே உருளையின் வாயில் இரண்டு கைகள் காயப்பட்டிருந்தால் அங்கே காப்புத் தகடு இல்லை என்பது விளங்கும். சல்லடை அருகே நிற்பவர்களின் இருமலை எந்த அளவியும் காட்டாது. அதை அவர்களிடமே கேட்க வேண்டும். ஆலைக்காரர் அருகில் இல்லாதபோது கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க.

இந்த எண்களை எல்லாம் கூட்டி, ஒரே மதிப்பெண்ணாக்கி, "இவ்வாலைக்கு நூற்றுக்கு எழுபது" என்று சொல்லும் முறைகளும் உலகில் உண்டு. பள்ளிப் பரீட்சையைப் போல் அது காண்பதற்கு எளிது. நாமோ அதை விரும்பவில்லை. மின்சாரத்தில் பெற்ற நல்ல மதிப்பெண், கெட்ட கிணற்றை மறைத்துவிடும். கிணற்று நீரைக் குடிப்பவர்க்கு மோட்டாரின் சிக்கனத்தால் என்ன ஆறுதல்? ஆகவே ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே நிற்கட்டும். ஆலையை ஆலையோடு ஒப்பிடுவதிலும் அவசரம் கூடாது. ஊறிய கதம்பலை அடிக்கும் கூடமும், யந்திர ஆலையும் வெவ்வேறு தொழில்கள். இவ்வாண்டு ஆடியை, சென்ற ஆண்டு ஆடியோடு ஒப்பிடுவதே நேர்மையான ஒப்பீடு.

வெளியுலகில் இக்கேள்விகள் வலுத்து வருகின்றன. நம் நாட்டில் பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 பெரிய நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு, நிலைபேறு குறித்த அறிக்கையைக் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று செபி விதித்தது. ஐரோப்பாவில் சிறு, நடுத்தரத் தொழில்கள் தாமே விரும்பி எழுதுவதற்கான முறை ஒன்றை ஈஃப்ராக் என்னும் அமைப்பு 2024 டிசம்பரில் வகுத்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் அதைப் பரிந்துரைத்தது. அதன் அடிப்படைப் பகுதியில் 11 தலைப்புகளே உள்ளன. மின்சாரமும் எரிபொருளும், மாசு, நீர், கழிவு, தொழிலாளர் நலம் ஆகியவை அவற்றுள் அடக்கம். மேலே சொன்ன பேரேட்டை ஓராண்டு எழுதியவருக்கு இத்தலைப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கு விடை கையிலேயே இருக்கும். கரிவளிக் கணக்குக் கேட்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை. நம் நாட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. டீசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. 4,800 யூனிட்டுக்குச் சுமார் 3.4 டன் என்று பெருக்கிக்கொள்ளலாம்.

2025 ஏப்ரல் முதல் உள்ள வரையறைப்படி, யந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்கும் ஆண்டு விற்பனை பத்துக் கோடி ரூபாய்க்கும் மேற்படாத தொழில், குறுந்தொழில். இத்தகைய தொழில்களுக்கு மத்திய அரசின் 'ஜெட்' சான்றிதழ்த் திட்டம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகளில் உள்ளது. பொருளிலும் குறையின்றி, சூழலுக்கும் கேடின்றி உற்பத்தி செய்வது அதன் நோக்கம். சான்றிதழ்ச் செலவில் குறுந்தொழிலுக்கு 80 சதமும், சிறுதொழிலுக்கு 60 சதமும், நடுத்தரத் தொழிலுக்கு 50 சதமும் உதவியாக வகுக்கப்பட்டன. சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கு மட்டும் என்றால் நாம் அதற்குப் பரிந்துரைக்க மாட்டோம். அதற்காகத் திரட்டும் எண்கள் ஆலைக்கே பயன்படுவதால் பரிந்துரைக்கிறோம்.

பிற தொழில்களுக்குப் பத்திகள் மாறும், முறை மாறாது. செங்கல் சூளையில் 1,000 கல்லுக்கு எவ்வளவு விறகு என்பதோடு, எவ்வளவு மண், எங்கிருந்து என்பது தலையாய பத்தி; ஒரு கல் 3 கிலோ என்றால் 1,000 கல்லுக்கு 3 டன் மண். அது குளத்து வண்டலா, நெல்வயலின் மேல்மண்ணா என்பதில்தான் நாஞ்சில் நாட்டு நெல்லின் எதிர்காலம் அடங்கியுள்ளது. முந்திரி ஆலையில் புகையும், தோடு உடைக்கும் பெண்களின் கைகளும். ரப்பர் பயிரிடுவோர்க்கு வேறொரு கேள்வி வந்துள்ளது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்து ரப்பரை ஏற்பதில்லை என்கிறது. அது நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. நான்கு ஹெக்டேருக்குட்பட்ட தோட்டத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒரு புள்ளி போதும்; கைபேசியிலேயே அதை எடுத்துவிடலாம்.

இனி ஊராட்சியின் பங்கு. ஊராட்சி எல்லைக்குள் தொழிற்கூடம் அமைக்கவும் யந்திரம் நிறுவவும் அனுமதி அளிப்பதில் ஊராட்சிக்குச் சட்டப்படி இடமுண்டு. அனுமதி அளிக்கும்போதே இரண்டு கிணறுகளின் அன்றைய எண்ணையும் கோப்பில் சேர்த்துவிட்டால், பின்னாளில் எழும் வழக்குகள் பாதி அங்கேயே தீரும். ஏற்கெனவே இயங்கும் ஆலைகளிடம் அதிகாரத்தோடு செல்வதைவிட ஒரு தாளோடு செல்வது நல்லது. அத்தாளில் ஆறே வரிகள்: 1,000 கதம்பலுக்குக் கிடைத்த தும்பு; 100 கிலோ தும்புக்கு மின்சாரம்; 100 கிலோவுக்கு நீர்; நார்க்கழிவின் கடைசி இருப்பு; இரண்டு கிணறுகளின் எண்; காயங்களும் இழந்த நாள்களும். இவற்றுள் விற்பனை விலையோ ஆதாயமோ இல்லை. ஆகவே தொழில் இரகசியம் வெளியாகும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. மே 1-ஆம் நாள் தொழிலாளர் பகுதியையும், மார்ச் 22 உலக நீர் நாளன்று கிணற்று எண்களையும் படிப்பது பொருத்தமாயிருக்கும். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். 1956-இல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. தென்மேற்குப் பருவம் முடிந்து வடகிழக்குப் பருவ மழை பெய்துகொண்டிருக்கும் அவ்வேளையில் குவியலின் அளவைச் சபையில் படித்தால், மீதி மழை முடிவதற்குள் அதைக் கூரையின்கீழ்க் கொண்டுவர ஆலைக்காரருக்குச் சில வாரம் கிடைக்கும்.

எழுதத் தொடங்குவோர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கட்டும். மாதத்தின் முதல் நாள் காலை, யந்திரம் ஓடுவதற்கு முன் மின்னளவியைப் படித்து எழுதுக. அன்றே குவியலை அளக்க. கிணற்று நீரைச் சோதிப்பதற்கு முன் பேனாக் கருவியை நல்ல நீரில் கழுவித் துடைக்க. ஒரு கிணற்றின் நீர் ஒட்டிய முனையை மற்றொன்றில் விட்டால் எண் பொய்த்துவிடும்.